பைக்குக்கு கார் டயர் போடலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடு, நாமக்கல் பக்கத்து டயர் கடைகளிலும் பஞ்சர் கடைகளிலும் இந்தச் சந்தேகம் ஓயாமல் வருகிறது. பின் டயர் மாற்ற வந்தவர் விலையைக் கேட்டதும், பக்கத்தில் அடுக்கி வைத்திருக்கும் கார் டயரைப் பார்த்து "அதைப் போட்டா என்னங்க?" என்பார். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே வைத்திருக்கிறோம்.

ஏனுங்க, பைக்குக்கு கார் டயர் போட்டா ஆகுமுங்களா, ஆகாதுங்களா?

ஆகாதுங்க. ஸ்பிளெண்டர், பல்சர், புல்லட், ஆக்டிவா எதற்கும் ஆகாது. ஓட்டினால் எப்படி இருக்கும் என்ற பேச்சுக்கே போக வேண்டியதில்லை, ரிம் அளவிலேயே முடிந்துவிடும். டயர் ரிம்மில் உட்கார வேண்டுமானால் விட்டம், அகலம், ஓரத்தின் வடிவம் மூன்றும் பொருந்த வேண்டும். விட்டம் சில வண்டிகளில் பொருந்தும். மற்ற இரண்டும் பொருந்தாது.

விதிவிலக்கு இரண்டு உண்டு. ஒன்று, வெளிநாட்டில் ஓடும் மிகப் பெரிய டூரிங் வண்டிகள். இன்னொன்று, வளைவில் சாயவே சாயாத வண்டிகள். இரண்டுக்கும் பதில் கீழே வருகிறது.

ஆக்டிவா முன் வீலு 12 இஞ்ச், ஆல்ட்டோ டயரும் 12 இஞ்ச். அப்புறம் ஏன் ஏறாது?

12 என்பது ரிம்மின் விட்டம் மட்டும்தான். இப்போதைய ஆக்டிவாவின் முன் டயர் 90/90-12, ஆல்ட்டோ 800 டயர் 145/80 ஆர்12. முதல் எண் மி.மீ. கணக்கில் அகலம், இரண்டாவது எண் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் உயரம் என்பது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஆக்டிவா டயரின் மொத்த உயரம் சுமார் 467 மி.மீ., ஆல்ட்டோவுடையது 537 மி.மீ. ஏழு செ.மீ. உயரம் கூடுதல், ஐந்தரை செ.மீ. அகலம் கூடுதல். ஃபோர்க்குக்கும் மட்கார்டுக்கும் நடுவில் அதற்கு இடமே கிடையாது.

இடம் இருந்தாலும் ரிம் ஒத்துக்கொள்ளாது. 145 டயர் 4 இஞ்ச் அகல ரிம்முக்குச் செய்தது. ஸ்கூட்டர் ரிம் கிட்டத்தட்ட அதில் பாதிதான். குறுகிய ரிம்மில் அகல டயரை மாட்டினால் இரண்டு ஓரமும் உள்பக்கமாக இழுபட்டு நடுப்பகுதி மேலே புடைக்கும், பக்கவாட்டில் அழுத்தம் வரும்போது ஓரம் ரிம்மை விட்டு விலகும். அந்த ஓரத்தைத்தான் பீட் என்கிறோம், உள்ளே எஃகுக் கம்பி ஓடும். கார் டயர் பீட் கார் ரிம்மின் வளைவுக்குச் செய்தது, பைக் ரிம்மின் வளைவு வேறு. அலாய் வீலில் அளவோடு சேர்த்து 'எம்டி' என்று அச்சு இருக்கும், அது மோட்டார்சைக்கிள் ரிம் வடிவம். கார் ரிம்மில் 'ஜே' இருக்கும்.

புல்லட் பெரிய வண்டிதானுங்க, அதுக்குமா ஆகாது?

இப்போதைய கிளாசிக் 350-க்குப் பின்னால் 120/80-18. 18 இஞ்ச் கார் டயர் என்று நம் கடைகளில் கிடைப்பது ஹாரியர், எக்ஸ்யூவி 700 போடும் 235/60 ஆர்18 மாதிரிதான். புல்லட் டயரைப் போல இரண்டு மடங்கு அகலம். பின் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஸ்விங் ஆர்முக்குள்ளேயே நுழையாது.

டியூக் 390-க்குப் பின்னால் 150/60 ஆர்17. க்ரெட்டாவின் 17 இஞ்ச் டயர் 215/60, உயரத்தில் மட்டும் 78 மி.மீ. வித்தியாசம். அவெஞ்சர் 220 வைத்திருப்பவர்கள்தான் அதிகம் கேட்பார்கள். அதன் பின் டயர் 130/90-15, கார்களில் 175/65 ஆர்15 உண்டு, இரண்டின் உயரமும் கிட்டத்தட்ட ஒன்று. ஆனால் அந்தக் கார் டயர் குறைந்தது 5 இஞ்ச் ரிம் கேட்கும். அவெஞ்சர் ரிம் அந்த அகலத்துக்குப் பக்கத்தில்கூட வராது.

அமெரிக்காவுல கோல்டுவிங்குக்கு கார் டயர் போட்டு ஓட்டறதை யூடியூப்ல பாத்தனே?

பார்த்தது உண்மைதான். ஹோண்டா கோல்டுவிங், டிரையம்ஃப் ராக்கெட் போன்ற வண்டிகளுக்குப் பின்னால் கார் டயர் போடும் ஒரு கூட்டம் அங்கே உண்டு, தங்களை 'டார்க்சைடு' என்று சொல்லிக்கொள்வார்கள். பழைய கோல்டுவிங் 1800-இன் பின் டயர் 180/60 ஆர்16. அதற்குப் பதிலாக 195/55 ஆர்16 ரன்ஃபிளாட் டயரைப் போடுவார்கள். ரன்ஃபிளாட் என்றால் காற்று இறங்கினாலும் நிற்கும்படி பக்கச் சுவர் தடித்தது. அந்த வண்டியின் ரிம் அகலம் என்பதால் அது ஏறுகிறது, அவ்வளவுதான். அங்கேயும் டன்லப் போன்ற டயர் கம்பெனிகள் பைக் ரிம்மில் கார் டயர் கூடாது என்றே சொல்கின்றன.

டார்க்சைடு ஆட்கள் சொல்லும் காரணம் ஆயுள். 350 கிலோவுக்கு மேல் எடையுள்ள வண்டி, இரண்டு பேர், மூட்டை முடிச்சு, நாள் முழுக்க நேர்ச்சாலை என்றால் பின் டயரின் நடுப்பகுதி சீக்கிரம் காலி. கார் டயர் அதைப் போலப் பல மடங்கு ஓடும். நம்மூர் 110 கிலோ ஸ்பிளெண்டருக்கு அந்தப் பிரச்சினையே கிடையாது.

அகலமா, தட்டையா இருந்தா ரோட்டைப் புடிக்கறது ஜாஸ்தியாத்தானே இருக்கும்?

எல்லாரும் நம்புவது இதைத்தான். டயர் தரையில் படும் பரப்பை முக்கியமாக முடிவு செய்வது எடையும் காற்றும். பின் சக்கரத்தின் மேல் 150 கிலோ, காற்று 30 பி.எஸ்.ஐ. என்று வைத்துக்கொள்ளுங்கள். 30 பி.எஸ்.ஐ. என்பது ஒரு சதுர செ.மீ.க்கு 2.1 கிலோ. 150-ஐ அதால் வகுத்தால் சுமார் 71 சதுர செ.மீ. பைக் டயர் போட்டாலும் அதுதான், கார் டயர் போட்டாலும் ஏறக்குறைய அதுதான். வடிவம் மட்டும் மாறும்: பைக் டயரில் நீளவாக்கில் ஒடுங்கிய பட்டை, கார் டயரில் குறுக்குவாக்கில் அகலப் பட்டை. மழைத் தண்ணீரில் குறுக்குப் பட்டை சீக்கிரம் மிதக்கும்.

பைக் வளைவில் சாயும் வண்டி. சாயும்போதும் அதே அளவு ரப்பர் தரையில் இருக்க வேண்டும் என்றுதான் பைக் டயரை உருண்டையாகச் செய்கிறார்கள். கார் டயர் தட்டை. சாய்த்தால் முழுக் கனமும் ஓரத்து விளிம்பில் ஏறும், பக்கச் சுவர் மடங்கித்தான் மீதி ரப்பர் தரையைத் தொடும். அந்த மடிப்பு வண்டியை நிமிர்த்தவே பார்க்கும். அதனால் வளைவு முழுக்க ஹேண்டிலை அழுத்திப் பிடித்தபடியே போக வேண்டும், கை தளர்ந்தால் வண்டி நிமிர்ந்து எதிர்ப்பக்கம் விலகும். தார் போட்ட ஒட்டு, சாலை ஓரத்து மேடு, லாரி டயர் அழுத்திய பள்ளம் எதன் மேல் ஏறினாலும் ஒரு பக்கமாக இழுக்கும்.

ரப்பரின் குணமும் வேறு. கார் டயர் ஒரு சக்கரத்துக்கு 300, 400 கிலோ தாங்கி, அந்தக் கனத்தில் சூடேறிப் பிடிக்கும்படி செய்தது. பைக்கின் கனத்தில் அது இறுக்கமாகவே இருக்கும்.

கார் டயர் பைக்கில் எப்படி இருக்கும் என்று அறிய அதை மாட்டிப் பார்க்க வேண்டியதில்லை. அவினாசி வழியாக சேலம் பக்கம் நாலுவழிச் சாலையிலேயே தினமும் போய்வரும் ஒரு வண்டியின் பழைய பின் டயரைக் குறுக்காக உள்ளங்கையால் தடவுங்கள். நடுவில் சப்பையாகி, இரண்டு பக்கமும் ஒரு விளிம்பு கையில் தட்டுப்படும். அந்த வண்டியைத் திருப்பும்போது முதலில் தயங்கி, பிறகு படக்கென்று விழுகிறது பாருங்கள், அந்தக் குணம்தான், இன்னும் பல மடங்காக.

நேர் ரோட்டுல மட்டும் ஓட்டறனுங்க. வால்பாறை, கொல்லிமலைக்கெல்லாம் போக மாட்டேன். அப்பவும் கூடாதா?

15 மீட்டர் ஆரமுள்ள திருப்பத்தை 20 கி.மீ. வேகத்தில் எடுத்தால் வண்டி சுமார் 12 டிகிரி சாயும். 30 கி.மீ. என்றால் 25 டிகிரி. இது வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவுக்கோ, கொல்லிமலையின் 70 வளைவுக்கோ மட்டும் உரிய கணக்கு இல்லை. பெருந்துறையில் பைபாஸை விட்டு இறங்கும் இடத்திலும், ஊருக்குள் ரவுண்டானாவிலும் இதே சாய்வுதான். குறுக்கே நாய் வந்தால் நேர் ரோட்டிலும் சாய்த்துத்தான் ஒதுங்க வேண்டும்.

முன்னாடி மட்டும் போட்டா?

கூடவே கூடாது. மேலே சொன்ன டார்க்சைடு ஆட்களே முன்னால் கார் டயர் போடுவதில்லை. திருப்பும் சக்கரம் நிமிரப் பார்த்தால் வண்டி கையில் நிற்காது.

மாட்டுவண்டிக்கு கார் டயர் போட்டு ஓட்டறமே, அது ஆகுது, இது ஆகாதா?

டயர் வண்டி சாய்வதில்லை, இரண்டு சக்கரமும் எப்போதும் தரையில் தட்டையாக நிற்கும், வேகம் மாட்டின் வேகம். அதோடு அச்சும் ரிம்மும் கார், ஜீப்பிலிருந்து எடுத்ததாகவே இருக்கும், டயரும் அதற்கேற்றது. பைக்குக்கு இதில் ஒன்றும் பொருந்தாது.

எக்ஸ்எல்-ல தேங்காய் மூட்டை, பால் கேன் ஏத்தறேன். கார் டயருன்னா லோடு தாங்குமில்லீங்களா?

டயர் தாங்கும். ரிம், ஸ்போக்ஸ், ஷாக் அப்சார்பர், பிரேக் தாங்காது. எக்ஸ்எல் 100-க்கு 2.50-16 டயர், 6 பிளை. பிளை என்பது டயரின் உள் அடுக்கு, அந்த எண் கூடினால் சுவர் உறுதி கூடும், அதனால் மாற்றும்போது 4 பிளை டயரை விலை குறைவு என்று வாங்கிவிடாதீர்கள். சுவரில் அளவுக்குப் பக்கத்தில் இருக்கும் இரண்டு இலக்க எண் அந்த டயர் தாங்கும் எடைக்கான குறி. 41 என்றால் 145 கிலோ, 52 என்றால் 200, 57 என்றால் 230, 62 என்றால் 265. வண்டியின் எடையில் பின் சக்கரத்துக்கு வருவதையும், உங்கள் எடையையும், மூட்டையையும் கூட்டிப் பார்த்தால் எங்கே நிற்கிறோம் என்று தெரியும்.

உக்கடம் பக்கம் பழைய டயர் வாங்கினா அது பைக் டயரா, கார் டயரா, வேறெதுவான்னு எப்படிக் கண்டுபுடிக்கறது?

சுவரில் ஐ.எஸ்.ஐ. முத்திரைக்குப் பக்கத்தில் ஓர் எண் இருக்கும். ஐ.எஸ். 15627 என்றால் இருசக்கர, மூன்று சக்கர வண்டிக்கானது. 15633 என்றால் கார். 15636 என்றால் வேன், லாரி, பஸ். எண்ணையே காணோம், சுரண்டியிருக்கிறார்கள் என்றால் அந்த டயரை எடுக்காதீர்கள்.

அடுத்து வயது. நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும்: 2321 என்றால் 2021-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. டயர் முகத்தின் ரப்பர் கட்டங்கள், அதாவது பட்டன், எவ்வளவு ஆழமாக இருந்தாலும் ஐந்தாறு வருடம் தாண்டியதென்றால் சுவரை மடக்கிப் பாருங்கள், மயிர்க்கோடு போல வெடிப்பு தெரியும். கறுப்புப் பாலிஷ் அடித்துப் பளபளவென்று வைத்திருந்தால் ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் பாருங்கள். உள்ளே கையை விட்டு ஒட்டுப் போட்ட இடமும் தேட வேண்டும்.

பழைய ஸ்கூட்டருக்கு ஆட்டோ டயர் போடலாமுங்களா?

ஆட்டோ டயர் 4.00-8. 10 இஞ்ச் ரிம் உள்ள சேத்தக்குக்கு ஏறாது. 8 இஞ்ச் ரிம் உள்ள பழைய மாடல்களில் ஏறும், மேலே சொன்ன 15627 எண்ணும் அதில் இருக்கும். ஆனாலும் மூன்று சக்கரத்துக்கென்று தட்டையாகச் செய்தது, வளைவில் கார் டயரின் குணம் கொஞ்சம் காட்டும். அந்த ஸ்கூட்டருக்கே உரிய 3.50-8 கிடைக்கும்வரை ஒப்பேற்றலாம், நிரந்தரமாக வைக்க வேண்டாம்.

இந்த ஸ்கூட்டர்களின் ரிம் இரண்டு பாதியாக நட்டுப் போட்டுச் சேர்த்தது. சக்கரத்தை வண்டியில் பிடிக்கும் நட்டு வேறு, இரண்டு பாதியைச் சேர்க்கும் நட்டு வேறு. முழுக் காற்றையும் இறக்காமல் இரண்டாவது வகை நட்டில் ஸ்பேனர் வைத்தால் ரிம் பாதி முகத்தில் அடிக்கும்.

நாமக்கல்ல லாரி டயருக்கு ரீட்ரேடு பண்றாங்களே, பைக் டயருக்கும் பண்ணிக்கலாமா?

ரீட்ரேடு என்றால் தேய்ந்த டயரின் மேல் புது ரப்பர் பட்டை ஒட்டுவது. லாரி டயரின் கூடு பல முறை அப்படிச் செய்யும் அளவுக்குக் கனமாகவே செய்யப்படுவது, சாய்ந்து ஓடுவதும் இல்லை. பைக் டயரின் கூடு மெல்லியது. புது ரப்பர் பட்டையின் ஓரம் சரியாகச் சாயும் இடத்தில் வந்து நிற்கும், அங்கிருந்துதான் பிரியும். மிச்சமாகும் காசுக்கு அது வேண்டாம்.

சரிங்க, கார் டயர் வேண்டாம். ஒரு சைஸ் பெருசாவாவது போட்டுக்கலாமா?

மொத்த உயரம் மாறாதபடி ஒரு படி ஏறலாம். 80/100-18 இருக்கும் இடத்தில் 90/90-18 போட்டால் 617 மி.மீ. 619 ஆகும், வித்தியாசமே தெரியாது. 100/90-18 போட்டால் 637. மட்கார்டிலோ செயின் கவரிலோ உரசும், மீட்டர் தப்புக் காட்டும், ரிம்மும் ஒடுக்கம். ஏ.பி.எஸ். உள்ள வண்டியில் இரண்டு சக்கரமும் சுற்றும் விகிதத்தை வைத்துத்தான் பிரேக் வேலை செய்கிறது, அதில் உயரத்தை மாற்றவே கூடாது.

கார் டயர் கேட்டதே பின் டயர் வெரசாத் தேயுதுன்னுதான். அதுக்கு என்னதான் வழி?

முதல் காரணம் காற்று. பஞ்சர் கடையில் "முப்பது வைங்கண்ணா" என்று முன்னும் பின்னும் ஒரே அளவாக வைத்துக்கொண்டு போவதுதான் வழக்கம். செயின் கவரிலோ ஸ்விங் ஆர்மிலோ ஒட்டிய ஸ்டிக்கரில் உங்கள் வண்டிக்கு எவ்வளவு, பின்னால் ஆள் ஏறினால் எவ்வளவு என்று இருக்கும். வண்டி ஓடிச் சூடாவதற்கு முன்னால், காலையில் பார்ப்பதுதான் சரியான அளவு. குறைந்த காற்றில் ஓரம் தேயும், அதிகக் காற்றில் நடு தேயும்.

அடுத்து சக்கரத்தின் நேர். செயின் டைட் செய்யும்போது ஸ்விங் ஆர்மின் இரண்டு பக்கக் கோடும் ஒரே அளவில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் ஒரு கோடு தள்ளியிருந்தாலும் டயர் இழுபட்டுக்கொண்டே ஓடும். செயின் தளர்வு பெரும்பாலான வண்டிகளில் 25 முதல் 30 மி.மீ. சென்டர் ஸ்டாண்டு போட்டுப் பின் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். இரண்டு சுற்றுகூடச் சுற்றாமல் நின்றால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது.

புது டயர் மாட்டும்போது சுவரில் இருக்கும் அம்பு சுற்றும் திசையைப் பார்த்து இருக்கட்டும். வண்ணப் புள்ளி இருந்தால் அது வால்வு பக்கம் வரட்டும். டியூப் டயர் என்றால் டியூபும் புதிது போடுங்கள், பழைய டியூப் நீண்டுபோயிருக்கும், உள்ளே மடியும். பீட்டில் சோப்புத் தண்ணீர் தடவிக் காற்றேற்றிய பிறகு, ரிம் ஓரத்தை ஒட்டி டயரில் ஓடும் மெல்லிய கோடு சுற்றிலும் ஒரே இடைவெளியில் தெரிகிறதா என்று இரண்டு பக்கமும் பாருங்கள். ஓரிடத்தில் கோடு உள்ளே போயிருந்தால் காற்றை இறக்கி மறுபடி ஏற்றச் சொல்லுங்கள். முதல் 150 கி.மீ. அடங்கி ஓட்டுங்கள்.

மாற்ற வேண்டிய நேரம் எது என்பதற்கு, பட்டன் பள்ளத்துக்குள் இருக்கும் சின்ன மேட்டைப் பாருங்கள். சுவரில் 'டி.டபிள்யூ.ஐ.' என்றோ முக்கோணமாகவோ அதற்கு அடையாளம் இருக்கும். ரப்பர் அந்த மேட்டுக்குச் சமமானால் மாற்றிவிட வேண்டியதுதான்.

சைடு வீல் வச்ச மாற்றுத்திறனாளி ஸ்கூட்டரும், சைடுகார் வச்ச புல்லட்டும் சாயறதில்லையே. அதுக்குப் போடலாமா?

சரியான கேள்வி. சாயாத வண்டியில் உருண்டை டயரால் பயனில்லை, நடுப்பகுதி மட்டும் தேய்ந்துகொண்டே போகும். சைடுகார் வண்டிகளுக்குக் கார் டயர் போடுவது உலகம் முழுக்க உண்டு. ஆனால் பெரும்பாலும் அதற்கேற்ற கார் வடிவ ரிம்மை முதலில் செய்துகொண்டுதான் போடுகிறார்கள். பைக் ரிம்மிலேயே ஏற்றுவது குறைவு.

இணைப்புச் சக்கரம் வைத்த ஸ்கூட்டருக்கு அதுவும் தேவைப்படாது. அங்கே கவனிக்க வேண்டியது காற்றின் அளவு: பக்கச் சக்கரங்களில் காற்று கூடி, நடுச் சக்கரத்தில் குறைந்தால் கனம் பக்கத்துக்குப் போய்விடும். மழையில் நடுச் சக்கரம் இருந்த இடத்திலேயே சுழலும், பிரேக்கும் பிடிக்காது.

மாத்திப் போட்டா போலீஸ் புடிப்பாங்களா? இன்சூரன்ஸ் வருமா?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆவது பிரிவுப்படி, கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ என்கிறது. தணிக்கையில் டயர் அளவை யாரும் அளந்து பார்ப்பது அபூர்வம். விபத்துக்குப் பிறகு இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பும் சர்வேயர் பார்ப்பார். சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காட்டி, உங்கள் வண்டிச் சேதத்துக்கான கிளெய்மை மறுக்க இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அது போதும்.

எங்கிட்ட 16 இஞ்ச் ரிம் வச்ச பெரிய வெளிநாட்டு வண்டி இருக்குதுங்க. தெரிஞ்சேதான் போடறேன். எதை எதைப் பாக்கோணும்?

நம் பதில் இப்போதும் வேண்டாம் என்பதுதான். கோவையிலிருந்து மேற்கிலோ வடக்கிலோ கிளம்பினால் ஒரு மணி நேரத்தில் மலையடிவாரம் வந்துவிடுகிறது. கேட்டதற்காகச் சொல்கிறோம்: பின்னால் மட்டும்தான். வண்டியின் டயர் உயரத்துக்கு மிக அருகில் வரும் அளவு, ரிம் அகலம் அந்த டயருக்கு அனுமதித்த எல்லைக்குள், பக்கச் சுவர் தடித்த ரகம். மாட்டிய பின் ஸ்விங் ஆர்ம், பிரேக் குழாய், மட்கார்டு எல்லாவற்றிலும் இடைவெளி பாருங்கள். ஷாக் அப்சார்பர் முழுக்க அமுங்கும்போதும் அந்த இடைவெளி இருக்க வேண்டும்.

பெரிய ஆபத்து ஓட்டும்போது வருவதைவிட மாட்டும்போது வருவது. பைக் ரிம்மில் பீட் உட்கார ஏற்றக்கூடிய காற்று 40 பி.எஸ்.ஐ. வரை. கார் டயர் அந்த அளவில் பெரும்பாலும் உட்காராது, 60, 70 என்று கேட்கும். அங்கேதான் பீட் கம்பி அறுந்தோ ரிம் வெடித்தோ போகிறது. 40-இல் உட்காரவில்லை என்றால் காற்றை முழுக்க இறக்கி, சோப்புத் தண்ணீர் தடவி, டயரைத் திருப்பி வைத்து மறுபடி முயலலாம். அப்போதும் உட்காரவில்லை என்றால் கழற்றிவிடுங்கள். கடைக்காரர் மாட்ட மாட்டேன் என்றால் வற்புறுத்தாதீர்கள், காற்றுக் குழாயைப் பிடித்துக்கொண்டு குனிந்திருப்பது அவர்தான்.